ரத்தம் வராத விளையாட்டு

வீடியோ கேம்களுக்கு வயதுச் சான்று கொடுக்கும் பூசான் அரசு அலுவலகத்தில் ரத்தத்துக்குக்கூட நிறம் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் வயது ஏறும், பச்சையாக இருந்தால் இறங்கும். மோசமான காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று, விளையாட்டைச் செய்தவரே படிவத்தில் எழுதித் தர வேண்டும். அன்று கூட்டத்துக்கு வந்த படிவத்தில், 'முதல் நிமிடத்திலிருந்து முடியும்வரை' என்று இருந்தது.

"பாவம், படிவம் நிரப்பத் தெரியாத பொண்ணு," என்றார் உறுப்பினர் மா கிதேக். "ரத்தம் இல்ல, கத்தி இல்ல, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்ல. புருஷன் பொண்டாட்டிக்கு சூப் வெச்சுக் குடுக்குறான். எங்க வீட்ல நான் அதைக்கூடச் செய்யறதில்ல!"

உறுப்பினர்கள் ஐந்து பேரும் சிரித்தார்கள். அவர்கள் பார்த்தது பத்து நிமிட வீடியோ. விளையாட்டை முழுதாக ஆடிப் பார்த்தவள் பரிசோதகர் தோ யுன்ஹே ஒருத்திதான். இரண்டு நாள் ஆடினாள். முடித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

இப்போது அவள் வாயைத் திறக்காவிட்டால் இது ஏழு வயதுப் பிள்ளைகள் கைக்கும் போகும். திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அந்தக் கேள்விக்கு அவள் யாரிடமும் பதில் சொன்னதில்லை. பெற்ற தாயிடம்கூட இல்லை.

தலைவர் பியோ பேனாவைத் திறந்தார். "அப்போ எல்லா வயசும்னு போட்டுடலாமா? யுன்ஹே, ஆடினது நீங்க. சொல்லுங்க."

"பதினஞ்சு, சார். வன்முறை."

"எந்த இடத்துல?"

"அவன் சூப் குடுக்குற இடத்துல."

"ஏம்மா, உப்பு ஜாஸ்தியா?" என்றார் மா. மறுபடி சிரிப்பு. யுன்ஹேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சூப்பைக் குடுத்துட்டு, ஷூ நனைஞ்சிருக்கு, காய வெக்கிறேன்னு எடுத்துட்டுப் போறான் சார். அது திரும்பி வரவே வராது. போன் ரிப்பேர்னு வாங்கிக்கிறான். கோபமே படமாட்டான். கடைசில அவளுக்கு அந்த வீட்ல ஒரு நாற்காலிதான் மிஞ்சும்."

"அக்கறையாக்கூட இருக்கலாமே," என்றார் பியோ. "நீங்களா ஒண்ணு நினைச்சுக்கக் கூடாது. ஆதாரம்னு எதைம்மா எழுதறது?"

மேஜைமேல் அவளுடைய போன் அதிர்ந்தது. எப்போதும் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவாள். இன்றைக்குக் கால் எழவில்லை. ஸ்பீக்கரைத் தட்டி நடுவில் வைத்தாள்.

"நாலு ரிங் ஆச்சு," என்றது ஓர் ஆண் குரல். தேன் ஒழுகியது. "கோபமில்லம்மா, கவலைலதான் கேக்குறேன். கேமராவைப் போடு. ரூம்ல எத்தனை ஆம்பளைங்க? ஒவ்வொரு மூஞ்சியாக் காட்டு, நேத்து காட்டின மாதிரி."

நேற்று மதியச் சாப்பாட்டு மேஜையில், படம் பிடிக்கிறேன் என்று சொல்லி அவள் எல்லார் முகத்துக்கும் போனைத் திருப்பியதும், மா இரண்டு விரலை நீட்டி இளித்ததும் இப்போது அவர்களுக்கு உறைத்தது.

யுன்ஹே அழைப்பைத் துண்டித்தாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. போன் மறுபடி அதிர்ந்தது, மறுபடியும். அணைத்துவிட்டாள்.

பியோ பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மணி ஆனது. எல்லோரும் பையை எடுத்தார்கள். யுன்ஹே மட்டும் எழுந்திருக்கவில்லை.

"வீட்டுக்குக் கிளம்பலியாம்மா?" என்றார் பியோ.

"இந்நேரம் எங்க வீட்டுக்காரர் கீழ வாசல்ல வந்து நிப்பாரு, சார். இந்தக் கட்டடத்துக்கு வேற வாசல் இருக்கா?"

பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிற பியோவுக்கு அது தெரியவில்லை. மா கிதேக் பையைத் தரையில் வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.