சுவர் பார்த்த இடம்

பழவங்காடிக் கடைத்தெருவில் குற்றாலலிங்கம் பிள்ளையின் ஜவுளிக்கடையில் முதலாளியும் கணக்குப்பிள்ளையும் வெள்ளை விரிப்பில் சம்மணம் போட்டுத்தான் உட்காருவார்கள். மேசை நாற்காலியெல்லாம் சர்க்கார் ஆபீசுக்காரர்களுக்கு.

யுத்தம் தொடங்கிய வருஷம் கணக்குப்பிள்ளை கோலப்பன் மாட்டுவண்டியிலிருந்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது இடது முழங்கால் மடங்கவில்லை. காலை நீட்டித்தான் உட்கார முடியும். நீட்டினால் பாதம் கடைக்கு வருகிறவர்களின் முகத்துக்கு நேரே இருக்கும். திரும்பினால் கல்லாப்பெட்டிக்கு மேலிருக்கும் லட்சுமி படத்துக்கு நேரே. தயங்கித் தயங்கி ஒரு ஸ்டூல் கேட்டார். தரையில் முதலாளி இருக்க, கணக்குப்பிள்ளை உயரத்திலா என்று கடையே வாயைப் பிளந்தது. முதலாளியும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்த யோசனை மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.

கோலப்பனுக்குக் கணக்கு பிழைப்பு. கடைக்கு வருகிற மனிதர்கள்தான் உயிர். யார் வீட்டில் கல்யாணம், யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று விசாரிக்காமல் அவரால் ஒரு பொழுது இருக்க முடியாது. கடையில் தன் இடம் போய்விடுமோ என்று பயந்தார்.

குற்றாலலிங்கம் பிள்ளை நல்லவர். கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் அவர்மேல் கோபப்படவாவது முடிந்திருக்கும். கடையின் மூலையைக் காட்டினார்.

"செவரப் பாத்து இரியும் வே. கால் ஆருக்கும் நேரே நீளாது. உம்ம விட்டுருவேனா?"

கோலப்பன் கண் கலங்கிக் கும்பிட்டார். முதலாளி தனக்கென்று தனி இடமே ஒதுக்கித் தந்துவிட்டதாகவும், தான் கும்பிட்டுவிட்டு வந்ததாகவும் மனைவி வடிவாம்பாளிடம் சொன்னார்.

ஆரம்பத்தில் வாடிக்கைக்காரர்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் கையை ஊன்றி, காலை இழுத்துத் திரும்புவதற்குள் அவர்கள் வேட்டி விலை பேசப் போய்விடுவார்கள். போகப்போகக் கூப்பிடுவதும் நின்றது.

தீபாவளி நெருங்கியபோது, பழவங்காடி கணபதி கோயிலில் கும்பிட்டுவிட்டு வடிவாம்பாள் முதல்முறையாகக் கடைக்குப் போனாள். புருஷனின் தனி இடத்தைப் பார்க்க ஆசை. வாசலில் நின்று தேடினாள். உள்ளே ஒரே கூட்டம், பேச்சு, சிரிப்பு. மூலையில், தப்புச் செய்த பிள்ளையை வாத்தியார் உட்காரவைத்தது போல, சுவருக்கு முன்னால் அந்த முதுகு. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அவள் கூப்பிடவில்லை. வீடு வரும்வரை, தெருவென்றும் பாராமல் அழுதாள். இதைக் கொடுத்ததற்காகவா முதலாளியை இவர் கும்பிட்டார் என்று அவளுக்கு ஆறவில்லை.

சாயங்காலம் சோறு வைத்தபோது கேட்டாள்: "இன்னைக்குக் கடைக்கு ஆரெல்லாம் வந்தாவ?"

"தெரிஞ்ச ஆளுவ ஒருத்தர் பாக்கியில்லாம வந்தாவ," என்றார் கோலப்பன். "எல்லாரும் எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசிட்டுத்தான் போனாவ."

வடிவாம்பாள் அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.