இரண்டாவது பிரேக்

என் ஓர்ப்படிக்கு பிசினஸ் ஸ்கூலில் இருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்த அன்று, மாமியார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். ஓர்ப்படிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை. பழகுகிறவர்கள் இடித்து இடித்து நாலு பக்கமும் நசுங்கிப்போன ஒரு சின்னக் கார்தான் அவளுடைய ஆபீஸ். அவள் கல்யாணமாகி வந்த புதிதில், "பொம்பளைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்த அதே மாமியார், இப்போது பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்: "எங்க சின்ன மருமக எம்.பி.ஏ. படிக்கப் போறா!"

பெரிய மருமகள் நான் அங்கேதான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவள், கல்லூரியில் முதல் வகுப்பு வாங்கியவள், அதே பிசினஸ் ஸ்கூலுக்குப் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் யாருக்கும் தெரியாமல் விண்ணப்பித்து, யாருக்கும் தெரியாமல் தோற்றவள் நான். உங்களைப் போன்ற பின்னணியில் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவளைப் போல வேறு ஒருத்தி வர மாட்டாள் அல்லவா? இந்த வருடம் எனக்கும் அழைப்பு வந்திருந்தது, அதுவும் அதே நாளில். நான் மூச்சு விடவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அவளுடைய கட்டுரையைத் திருத்திக் கொடுத்ததே நான்தான். "எனக்கு எழுத வராதுக்கா, நீங்க ஒரு தடவை பாத்துக் குடுங்க" என்று வந்து நின்றாள். பார்த்தேன். பிழைக்குப் பஞ்சமில்லை, ஆனால் உள்ளே ஒரு கதை இருந்தது. பயந்த சுபாவமுள்ள ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், மேட்டில் நிறுத்திய காரை எடுக்கும்போது பின்னால் உருள விட்டுவிட்டார். கற்றுக்கொடுப்பவரின் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. இவள் அதன் மேல் காலை வைத்திருந்தும் அமுக்கவில்லை. பின்னால் யாரும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். டீச்சரே காரை நிறுத்தினார், டீச்சரே மேடேறினார். 'நான் அமுக்கியிருந்தால் கார் நின்றிருக்கும் அவரும் அன்றோடு நின்று போயிருப்பார்' என்று முடித்திருந்தாள். அந்த வரியில் திருத்த எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. பொறாமையில் நடுவே ஒரு காற்புள்ளி போட்டேன்.

நேர்காணல் அன்று ஆபீஸ் மீட்டிங் என்று வீட்டில் புளுகிவிட்டுப் போனேன். காத்திருக்கும் அறையில் அவள் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா! நீங்களுமா? சொல்லியிருந்தா என் வண்டியிலயே சேர்ந்து வந்திருக்கலாமே!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நிஜமான சந்தோஷம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர், நடுவில் ஒரு பெண்மணி. இன்னொருவரை நம்பிப் பொறுமையாக இருந்த ஒரு சமயத்தைச் சொல்லச் சொன்னார். கிளெய்ம் பிரிவில் தேங்கிக் கிடந்த கோப்புகளைப் பற்றி ஆரம்பித்தேன். ஓரத்தில் இருந்தவர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதோ, "எங்க மாமியாருக்கு நான் கார் ஓட்டக் கத்துக்குடுத்தேன்" என்று வாய் சொல்லிவிட்டது.

மாமியார் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்றினேன். மேடு, உருண்ட கார், பின்னால் பார்க்கும் கண்ணாடி. வீட்டுக் காரில் இரண்டாவது பிரேக்குக்கு எங்கே போவது? கையை ஹேண்ட்பிரேக்கில் வைத்திருந்ததாக மாற்றிக்கொண்டேன். அவளுடைய கடைசி வரியையும் விடவில்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்து அவள் போனாள். கதவு சாத்திய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அவள் கட்டுரை அந்த மேஜை மேல்தான் இருக்கிறது, நான் போட்ட காற்புள்ளியோடு.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே விலாசம், ஒரே கதை. நீங்க அத்தைக்குக் கத்துக்குடுத்ததா சொன்னீங்களாமே. யாரு யாரோடதை எடுத்தீங்கன்னு கேட்டாங்க அக்கா."

"நீ என்ன சொன்னே?"

"நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான் அத்தைக்குக் கத்துக்குடுத்தோம், கட்டுரையில அத்தையை டீச்சர்னு நான்தான் மாத்தி எழுதிட்டேன்னு சொன்னேன்."

"அய்யோ! அதுக்கு?"

"கட்டுரையில பொய் எழுதக் கூடாதுன்னு தெரியாதான்னு கேட்டுட்டு ஃபைலை மூடிட்டாங்க. போகட்டும், விடுங்க. எனக்கு வண்டி இருக்கு. நீங்க இதுக்கு ரொம்ப நாளா ஆசைப்பட்டிருக்கீங்க போல."

எனக்கு நன்றி பொங்கியிருக்க வேண்டும். ஆத்திரம்தான் பொங்கியது. இவள் வீட்டில் மூச்சு விட மாட்டாள். நான் படித்துப் பெரிய ஆளாவேன், இவள் தினமும் எதிரே உட்கார்ந்து சிரித்த முகமாகச் சாப்பிடுவாள். எனக்குப் போட்ட பிச்சையை ஒரு நாளும் சொல்லிக் காட்ட மாட்டாள். அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

எழுந்தேன். வாசலில் இருந்த பியூன் தடுத்தும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"அந்தக் கதை அவளோடது. டீச்சர் நிஜம், அவ எழுதினது எல்லாமே நிஜம். நான் அந்தக் கார்ல ஏறினதுகூட இல்லை."

பெண்மணி மூடிய கோப்பைத் திறந்து மறுபடி படித்தார். பிறகு என்னுடைய கோப்பை எடுத்துத் தனியாக ஓரத்தில் வைத்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"இதைச் சொன்னா உங்க வாய்ப்பு போயிடும்னு தெரியும் இல்லையா? அப்புறம் ஏன் வந்தீங்க? மனசாட்சியா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க, பொறாமை," என்றேன். "கதையும் அவளோடது, தைரியமும் அவளோடது. நல்லவங்கற பேரையும் அவளே தூக்கிட்டுப் போயிட்டா, அந்த வீட்டுல நான் எப்படிங்க இருக்கறது?"