ஆறு கால் சீட்டித்துணி

துணியில் அச்சடிக்கும் அச்சுக்காரருக்கு அன்று பரீட்சை நாள். இருநூறு வருடத்துக்கு முந்தைய பூப்போட்ட சீட்டித்துணி ஒன்றை, அதன் கந்தல் துண்டு ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, நாற்பது மீட்டர் திரும்ப அடித்திருந்தார். பழங்கால உடைகளை அப்படியே கையால் தைத்து உடுத்தும் சங்கத்தின் தலைவியம்மா சரியென்றால் சங்கத்து ஊர்வலம் முழுக்க அவர் துணிதான். இல்லையென்றால் மறுபடியும் தலையணை உறைக்குக் கரடிப் பொம்மை. பன்னிரண்டு வருடம் அடித்ததில் கரடிகள் கனவில் வந்து அவரை 'முதலாளி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தன.

தலைவியம்மா லேசுப்பட்டவர் அல்ல. பழங்காலக் கவுனுக்குள் ஒரே ஒரு மிஷின் தையலைக் கண்டுபிடித்து, சொந்தச் சம்பந்தியம்மாவையே சங்கத்தை விட்டு விரட்டியவர்.

அடிக்கும்போது அச்சுச் சட்டம் பொருந்துகிறதா என்று ஓரத்தையே பார்த்திருந்த அச்சுக்காரர், துணியை மேசையில் விரித்தபிறகுதான் நடுவைப் பார்த்தார். பூவுக்கும் கொடிக்கும் இடையே பழுப்பாக ஏதோ. சாணுக்கு ஒன்று. ஆறு கால்.

"மச்சான், என்னடா இது?"

கந்தல் துண்டை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியவன் அவர் மனைவியின் தம்பி. "துண்டுல இருந்தது மாமா. ஒரு புள்ளிகூட விடக்கூடாதுன்னு நீங்கதானே குதிச்சீங்க?"

"டேய், அது மூட்டைப்பூச்சிடா! நசுங்கிச் செத்தது!"

"செத்து இருநூறு வருஷம் ஆச்சில்ல? அதுவும் பழசுதானே மாமா!"

பதில் சொல்வதற்குள் தலைவியம்மா பூதக்கண்ணாடியோடு உள்ளே வந்து துணிமேல் கவிழ்ந்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நீர்.

"வண்டு! வண்டு போட்ட சீட்டி! முப்பது வருஷமா இதைத்தான் தேடறேன்!"

அச்சுக்காரருக்கு மனசாட்சி என்றொரு கெட்ட பழக்கம் உண்டு. "அம்மா, அது வந்து... மூட்டைப்பூச்சிங்க. துண்டுல ஒட்டிக்கிட்டிருந்தது."

"நீங்க அச்சடிங்க. வரலாறை நான் பாத்துக்கறேன்."

"அதானே!" என்றான் மச்சான்.

முப்பத்தெட்டாவது மீட்டரில் பூதக்கண்ணாடி நின்றது. அடிக்கும்போது அங்கே சட்டத்தில் சாயம் அடைத்து ஒரு கால் விழாமல் போயிருந்தது.

"இதுக்கு அஞ்சு கால்தான் இருக்கு! வரலாறோட விளையாடறீங்களா? இப்படியே இருந்தா மொத்தத் துணியும் வேண்டாம்."

அச்சுக்காரர் மச்சானைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு மெல்லிய தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆறாவது காலை வரையலானார்.

"முட்டி இன்னும் கொஞ்சம் மடங்கணும்" என்றார் தலைவியம்மா.

"ஆமாங்கம்மா" என்று மடக்கினார்.