முதல் பந்தி

சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிளாரன்ஸ் அக்கா வந்தபோது நான் என் மகள் ஜெயசெல்வியின் வெள்ளைத் தாவணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் அடிக்கிற கடற்காற்றுக்கு எவ்வளவு கஞ்சி போட்டாலும் நிற்காது. மறுநாள் கோயிலில் அவளுக்குத் திடப்படுத்தல். அன்றைக்குத்தான் முதன்முதலாக நற்கருணை அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவாள். புதுப் பிள்ளைகள் முதல் பந்தியில் பீடத்தின் முன்னால் முழங்கால் போடுவார்கள். பெண்பிள்ளை என்றால் பக்கத்தில் தாய். அக்காவின் மகள் இன்பமணிக்கும் நாளைக்குத்தான். காப்பி கொடுத்தேன். அக்கா தொடவில்லை.

என் உதட்டில் வெள்ளை விழுந்து ஒன்பது வருஷமாகிறது. முதலில் ஓரத்தில் ஓர் அரிசி அளவுக்கு இருந்தது. பிறகு மேலுதடு முழுக்க, கண்ணைச் சுற்றி, விரல்கள் பத்திலும். இது குஷ்டமில்லை, யாருக்கும் ஒட்டாது, நிறம் போய்விட்டது, அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னதை ஊருக்கே நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போனால் அங்கே என் பையை வைத்துவிட்டு காலை நீட்டிக்கொள்வேன். தன் பையனை என் வகுப்பிலிருந்து மாற்றச் சொல்லி ஒரு தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவரையும் பெஞ்சில் உட்காரவைத்துப் பின்னக் கணக்கு நடத்தினேன். மணியடித்ததும், இவன் இங்கனயே இருக்கட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை வாய் பேசுகிறவள் கோயிலில் மட்டும் கடைசிப் பந்தி. வெள்ளிப் பாத்திரம் ஒன்றுதான். எல்லோரும் வரிசையாக ரசத்தை அதில்தான் குடிக்க வேண்டும். வெள்ளை விழுந்த புதிதில், எனக்கு அடுத்திருந்தவள் பாத்திரம் வந்ததும் உதட்டை இறுக்கிக்கொண்டதைப் பார்த்துவிட்டேன். அடுத்த மாதமே நானாகக் கடைசிக்குப் போனேன். கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

"ஏளா ஜெபகனி, நான் தப்பா சொல்லலை," என்றாள் அக்கா. "புள்ள மொதப் பந்தியில போவட்டும். நீ எப்பவும் போல கடைசியில வா. எதுக்கு நாலு பேரு வாயில விழணும்?"

சரிக்கா என்றுதான் என் வாயில் வந்தது.

அக்கா போனபின் ஜெயசெல்வி உள்ளேயிருந்து வந்து தாவணியை மடித்தாள். நான்காக மடித்து என் கையில் கொடுத்தாள்.

"எம்மா, ஒனக்கு முழங்கால்ல ஒண்ணும் கெடையாதுன்னு எனக்குத் தெரியும். பள்ளிக்கூட மாடிய ரெண்டு ரெண்டு படியா ஏறுதியே."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருஷமாகத் தெரிந்தே சும்மா இருந்திருக்கிறாள்! நாளைக்கு நான் பின்னால் உட்கார்ந்துவிட்டால், அம்மாவின் சவடாலெல்லாம் வெளியில்தான் என்பதை இவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். ராத்திரி நன்றாகத் தூங்கினேன். முடிவு பண்ணிவிட்டால் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

காலையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். நான் சிரித்தேன். பாத்திரம் இடப்பக்கமிருந்து வரும். அதனால் ஜெயசெல்வியை என் இடப்பக்கம் இருக்கச் சொல்லியிருந்தேன், எனக்கு முந்தி அவள் குடித்துவிடட்டும் என்று. பீடத்துக்குப் போனதும் அவள் என் பின்னால் சுற்றிவந்து வலப்பக்கம் முழங்கால் போட்டாள். அவளை ஒட்டி இன்பமணி, அதற்கப்புறம் அக்கா. எழுந்து மாறச் சொல்ல நேரமில்லை. பாதிரியாரான சபை ஐயர் பாத்திரத்தோடு வந்துவிட்டார்.

ஒன்பது வருஷமாக நான் உதட்டை நனைத்ததோடு சரி. இன்றைக்கு நன்றாகப் பதித்துக் குடித்தேன். ஐயர் எல்லோருக்கும் செய்வதுபோல விளிம்பைத் துணியால் துடைத்தார். ஜெயசெல்வி கண்ணை மூடாமல், என்னைப் பார்த்தபடியே குடித்தாள். எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை.

இன்பமணி முகத்தை உயர்த்திக் காத்திருந்தாள். அவள் தாவணி முந்தியை அக்காவின் கை கெட்டியாகப் பிடித்திருந்தது. ஐயர் பாத்திரத்தோடு அவள் பக்கம் ஓர் எட்டு நகர்ந்தார்.