மூச்சு விடாத மூடி

பாலத்தின் ஏற்றத்தில் கார் இரண்டு முறை விக்கியது. மூன்றாவது விக்கலில் அப்படியே நின்றுவிட்டது.

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியைச் சாய்த்தாள். திட்டக்கூடத் தெம்பில்லை. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன.

"அதே இடமா?" பின் சீட்டில் படுத்திருந்த கணவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அதே இடந்தாங்க."

"பரவால்ல. நம்ம வீட்ல இது ஒண்ணாவது சொன்னபடி நடந்துக்குது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கால்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. சிறுநீரகம் இரண்டும் கைவிரித்த பிறகு, ஆஸ்பத்திரி மெஷின்தான் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. போன முறை தாமதமாகப் போனதால் பாதியிலேயே ஊசியைக் கழற்றிவிட்டார்கள். "அடுத்த ஆளு காத்துட்டிருக்காரும்மா. இப்படியே லேட்டா வந்தா உங்க முறைய வேற யாருக்காவது குடுத்துடுவோம்" என்று நர்ஸ் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

மெக்கானிக் ஏற்கெனவே பிளக்கை மாற்றியிருந்தான், ஃபில்டரை மாற்றியிருந்தான், கடைசியில் பம்பையும் மாற்றியிருந்தான். அவன் ஷெட்டைச் சுற்றி ஓட்டும்போது மட்டும் கார் பசு மாதிரி இருந்தது. பாலத்துக்கு வந்தால் வேலையைக் காட்டியது.

தம்பிக்கு போன் போட்டாள்.

"பெட்ரோல் இருக்காக்கா?"

"நேத்துதான்டா ஊத்தினேன்."

"மீட்டர் முள்ள நம்பாத. எவனாவது உறிஞ்சிருப்பான். மூடியத் திறந்து பாரு."

தெருவில் பெட்ரோல் திருட்டு என்று கேள்விப்பட்டதும் இந்தப் பூட்டு மூடியை வாங்கி மாட்டியவன் அவன்தான். பழைய மூடியை, "துருப்பிடிச்ச கழுதை" என்று அன்றைக்கே குப்பையில் வீசிவிட்டான்.

அவள் இறங்கி, சாவி போட்டு மூடியைத் திருகினாள்.

புஸ்ஸ்ஸ்...

தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவன் மூச்சை இழுப்பது போல டாங்க் காற்றை உள்ளே இழுத்தது. அவள் கை திருகியபடியே நின்றது. எட்டிப் பார்த்தாள். பெட்ரோல் பளபளத்தது. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தாள். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் விக்கல். இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை. நிறுத்தினாள். இறங்கினாள். திருகினாள். புஸ்ஸ்ஸ்! வண்டி கிளம்பியது.

நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் அவளைப் பார்த்தாள்.

"இதான்மா கடைசி."

கணவனை மெஷினில் சேர்த்ததும் அவள் பூட்டு மூடியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, டாங்க் வாயைப் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தாள்.

"பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து உள்ள போகணும்ல? இதுல போக வழியே இல்ல. அதான் கொஞ்ச தூரம் போனதும் பெட்ரோல் எஞ்சினுக்கு வராம நின்னுடுது" என்று மூடியை நீட்டினாள்.

கடைக்காரர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புது வண்டியில டாங்குக்குக் காத்து போறதுக்குத் தனிக் குழாய் இருக்கும்மா. இந்த மூடி அதுக்குத்தான் சரி. உங்க பழைய வண்டி மூடி வழியாத்தான் மூச்சு விடணும். யாரு வாங்கினது?"

"என் தம்பி."

"எப்படிப் பாத்து வாங்கினாரு?"

"மரை கச்சிதமா உக்காந்துச்சாம்."

"அப்ப சரிதான்" என்றார் அவர், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக. "இதுலயே ஒரு ஓட்டை போட்டுத் தரேன். வேலை முடிஞ்சுது."

"வேணாங்க. மெஷின்லேருந்து எழுந்தா அவருக்குக் குமட்டல். பெட்ரோல் வாடை பட்டா வழி முழுக்க வாந்திதான். காத்து உள்ள போகணும், வாடை வெளிய வரக் கூடாது."

அவர் பெருமூச்சுடன் ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். வகைவகையாய் மூடிகள் உருண்டன. பூட்டு மூடியோடு ஒப்பிட்டு, மரை பொருந்தாதவற்றை அவளே ஒதுக்கினாள். மீந்தவற்றில் ஒன்றை எடுத்து, டாங்குக்குள் போகும் பக்கத்தைத் துடைத்து, வாயில் வைத்து இழுத்தாள். காற்று வரவில்லை.

"அம்மா, அம்மா! வாயில வைக்காதீங்க!"

"பின்ன எப்படிக் கண்டுபிடிக்கிறது? நீங்க இழுக்குறீங்களா?"

அவர் ஓரடி பின்வாங்கினார்.

அடுத்ததில் இழுத்தால் காற்று வந்தது. ஊதினாலும் போனது. ஒதுக்கினாள். ஓரத்தில் கிடந்த, மங்கிப்போன மூடி ஒன்றை இழுத்தாள். வந்தது. ஊதினாள். கன்னம் உப்பியதுதான் மிச்சம், காற்று போகவில்லை. நாக்கெல்லாம் இரும்பு ருசி.

"இதுதான்."

திரும்பும்போது பாலத்தில் ஏறியதும் அவள் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. கார் விக்கவில்லை. உச்சியைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

"நம்ம இடம் போயிடுச்சு" என்றான் அவன் பின்னாலிருந்து. "நிக்கலியா?"

"நிக்காது. தூங்குங்க."

வீட்டு வாசலில் தம்பி காத்திருந்தான். "பூட்டு இல்லாத மூடியா? யாராவது உறிஞ்சிட்டுப் போயிடுவாங்கக்கா!"

"உறிஞ்சட்டும்டா. நான் பாலத்துல நிக்க மாட்டேன்ல. மாமாவ இறக்கு, வா."

அடுத்த முறைக்கு அவர்கள் நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இவ்வளவு சீக்கிரம்? மெஷின் இன்னும் காலியாகல. உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தாள். கணவன் ஏதோ ஜோக் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் திரும்பிப் பார்த்தான். அவள் வாயைத் திறந்தபடி, கார் சாவியைப் பிடித்த கையோடு தூங்கிப்போயிருந்தாள்.

அவன் ஜோக்கை நிறுத்திவிட்டு, சாவி கீழே விழாமல் தன் கையைக் கீழே கொடுத்துக்கொண்டான்.