ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன விலை?

விவாகரத்துத் தீர்ப்பு வந்த அன்று நான் இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று, எட்டு வருடம் 'நீங்க' என்று கூப்பிட்ட மனுஷனை இனி 'நீ' என்றுதான் கூப்பிடுவது. இரண்டு, பிள்ளைக்கென்று அவன் மாதாமாதம் போடப்போகும் ஜீவனாம்சத்தில் ஒரு பைசாவைக்கூடத் தொடுவதில்லை. முதல் முடிவைப் பற்றி எனக்கு இன்றுவரை எந்த வருத்தமும் இல்லை.

இரண்டாவதுக்குக் காரணம் அவனுடைய வக்கீல். "இந்தப் பணம் குழந்தைக்கா, அம்மாவோட லிப்ஸ்டிக்குக்கா?" என்று கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டார். மூன்று நாற்காலி போட்டு முடிவெட்டும் கடை நடத்துகிறவள் நான். கத்தரிக்கோலைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும். அன்றைக்கு அந்த வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவனும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த ரோஷத்தில்தான் மூன்று வருடம் ஓடியது. ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் பணம் வந்து வங்கியில் விழும். நான் எட்டிப் பார்க்க மாட்டேன். செலவைச் சமாளிக்க, ஆறு மணிக்குச் சாத்தும் கடையை ஒன்பது மணிவரை திறந்து வைத்தேன். என் மகள், எட்டு வயது, பட்டாணி என்று கூப்பிடுவோம். மூன்றாவது நாற்காலியில் சுற்றிச் சுற்றியே வீட்டுப்பாடம் எழுதக் கற்றுக்கொண்டாள். எனக்கு ஒரே பெருமை. யார் காசிலும் நான் பிள்ளை வளர்க்கவில்லையாக்கும்!

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளை நீதிமன்றம் அவனுக்குக் கொடுத்திருந்தது. முதல் வருடம் தவறாமல் வந்தான். பிறகு மாதம் இரண்டு ஞாயிறு. பிறகு, "வேலை இருக்கு கண்ணு, அடுத்த வாரம் கண்டிப்பா" என்று ஒரு போன். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். என் நாற்காலியில் தலையைக் கொடுத்தவர்களிடம் எல்லாம் சொல்வேன்: "லிஃப்ட்காரன் இல்லையா, பாதி வழியில நிறுத்திட்டான்." எல்லோரும் சிரிப்பார்கள். மூன்றாவது நாற்காலி மட்டும் சுற்றுவதை நிறுத்திவிடும்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளியில் நீச்சல் தேர்வு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை குளத்துப் பலகையிலிருந்து ஆழப் பக்கத்தில் குதித்து, சுவர்வரை நீந்த வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. எனக்கு முகம் கழுவும்போதே மூச்சு முட்டும். அவளை முதலில் மிதக்க வைத்தவன் அவன்தான். போன் போட்டாள். வேலை இருக்கிறதாம். அவள் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். வாய் ஓயாத பெண் பேசாமல் இருந்தால் வீடு வீடாகவே இருப்பதில்லை.

மனசு கேட்கவில்லை. குளியலறை வாசலில் நின்று சொன்னேன். "ஒரு நீச்சல் மாஸ்டரைக் காசு குடுத்துக் கூப்பிடலாம்டி. அப்பா போட்ட பணம் நிறைய இருக்கு."

நுரையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா குடுத்த காசுல வேற ஒருத்தரை வாங்கறதுக்கு, அப்பாவையே வாங்கிடலாமேம்மா?"

விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் ஒரு டீச்சருக்கு முன்முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது அதே வார்த்தை திரும்ப வந்தது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஒரு விரற்கடை அதிகமாக வெட்டிவிட்டேன். டீச்சரிடம் காசு வாங்காமல், கடையை உதவிக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு, அவன் ஆபீசுக்குப் போன் செய்து எங்கே இருக்கிறான் என்று கேட்டேன்.

ஒன்பது மாடிக் கட்டிடம். நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்திருந்தது, குறுக்கே ஒரு சங்கிலி. லிஃப்ட் பெட்டி மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் நின்றிருந்தது. அதன் கூரைமேல் டார்ச்சை வாயில் கடித்தபடி முட்டி போட்டிருந்தான். அவன் தலை என் காலடியில் இருந்தது. எட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்குக் கிடைக்காத காட்சி.

"உன் ஞாயித்துக்கிழமை ஒண்ணு என்ன விலை?" என்றேன்.

டார்ச் வாயிலிருந்து விழுந்தது. "என்னது?"

"அன்னைக்கு வேலைக்குப் போனா எவ்வளவு தருவாங்க? அதை நான் தரேன். உன் பொண்ணு உன்னை வாங்கிட்டு வரச் சொன்னா."

"கத்தாத. இதுக்குள்ள பேசினா ஒன்பது மாடிக்கும் கேட்கும்."

"கேட்கட்டும்! பெத்த பிள்ளையைவிட அந்த வேலை பெருசான்னு ஊரே கேட்கட்டும்!"

அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்றான். "ஞாயித்துக்கிழமை போனா ரெட்டைச் சம்பளம். அதை வச்சுத்தான் உனக்குப் பணமே கட்டறேன். வாடகை போக என் கையில என்ன மிஞ்சும்னு நினைச்ச? ஒரு மாசம் கட்டலைன்னா நீ என்ன சொல்லுவ? பிள்ளையைத் தவிக்க விட்டவன்னு சொல்லமாட்ட?"

சொல்லியிருப்பேன். அதுவும் ஒவ்வொரு நாற்காலியிலும் தனித்தனியாகச் சொல்லியிருப்பேன்.

"அந்தப் பணத்தை நான் தொடவே இல்ல" என்றேன் மெதுவாக.

"என்ன?"

"மூணு வருஷமா அப்படியே பேங்க்ல கிடக்கு. உன் வக்கீல் கேட்ட கேள்விக்கு வேற எப்படிப் பதில் சொல்றது?"

மேலே எங்கேயோ, ஏழாவது மாடியாக இருக்கலாம், ஒரு பெரியவர் குரல் இறங்கி வந்தது. "ஏம்மா, அப்ப பிள்ளைக்கு யாரும்மா சோறு போட்டது?"

"நான்தான்! ஒன்பது மணி வரைக்கும் கடையைத் திறந்து வச்சு!"

"அவரு ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போயிட்டாரு?"

"ஆமாங்க" என்று இவன் கீழேயிருந்து சொன்னான்.

"அப்ப பிள்ளைகூட யாருதான் இருந்தீங்க?"

எனக்கு அவமானமாக இருந்தது. நாய்க்குக் கிடைத்த முழுத் தேங்காய் மாதிரி அந்தப் பணத்தை மூன்று வருடம் உருட்டியிருக்கிறேன். நானும் தின்னவில்லை, பிள்ளைக்கும் உடைத்துக் கொடுக்கவில்லை. அதைக் கொண்டுவந்து போடுவதற்காக இந்த மடையன் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளை விற்றிருக்கிறான்.

அப்போது அடியிலிருந்து இன்னொரு குரல். "எல்லாம் சரிங்க, லிஃப்ட் எப்ப ஓடும்? கையில அரிசி மூட்டை இருக்கு!"

முதலில் சிரித்தது அவன்தான். கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டான். எனக்கும் அடக்க முடியவில்லை. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவன் சொன்னான், "அந்த வக்கீல் கேட்டப்பவே நான் எழுந்து வாயை மூடுய்யான்னு சொல்லியிருக்கணும்." மூன்று வருடம் கழித்து வந்த வார்த்தை. வந்ததே எனக்குப் போதும்.

பேச்சு அங்கேயே முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் அளவுக்குத் தொகையைக் குறைத்துக்கொள்ள, இரண்டு பேரும் சேர்ந்தே நீதிமன்றத்தில் கேட்பது. மீதிப் பணத்தை நான் ரோஷம் பார்க்காமல் வீட்டுக்குச் செலவழிப்பது. கடை ஆறு மணிக்கு மூடப்படும். அதற்கு மேல் ஊரில் முடி வளர்ந்தால் வளரட்டும். ஏழாவது மாடி கைதட்டியது.

ஞாயிறு காலை, குளோரின் வாசம் வீசும் அந்தக் குளத்தில், ஆழப் பக்கம் கால் உதைத்து மிதந்துகொண்டிருந்தான். நான் இரண்டு துண்டுகளோடு ஓரத்தில் நின்றேன். ஆரஞ்சுத் தொப்பி போட்டு, பலகை நுனியில் நின்று கீழே பார்த்தாள் பட்டாணி.

"அப்பா, இருக்கியா?"

"இருக்கேன்!"

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சொன்னான். குதித்தாள்.

தண்ணீர் அவளை மூடியது. என் உயிர் என்னிடம் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுத் தொப்பி மேலே வந்தது. இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். கையைக் காலை அடித்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தொட்டாள். மாஸ்டர் விசில் ஊதினார். நான் குதித்த குதியில் ஒரு துண்டு தண்ணீருக்குள் போயே விட்டது.

அதை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்தான். முகம் பூரித்திருந்தது. கொஞ்சம் ஏமாந்தும் இருந்தது. "என் கையைப் பிடிக்கவே இல்ல பாரு இவ. அப்புறம் நான் எதுக்கு வந்தேன்?"

"நீ இருந்ததாலதான் பிடிக்கல" என்றேன்.

அவன் பதில் சொல்வதற்குள் பட்டாணி மறுபடி பலகைமேல் ஏறி நின்றுவிட்டாள். இந்தத் தடவை இருக்கியா என்று கேட்கவில்லை. குதித்தாள்.