நடையில் நின்ற மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளுக்குப் பதிவு செய்துவிட்டு சுப்பிரமணி இரண்டு வருஷம் காத்திருந்தான். பொன்னியைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன், சம்மதம் சொல்ல எடுத்துக்கொண்டது இரண்டே நாள்தான். இதைப் பொன்னி வேண்டும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவாள். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஊர் ஊராகப் போக வேண்டியவன், வண்டி வேண்டும்தான். ஆனால் அதை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் மகராசன் யோசிக்கவே இல்லை.

திருவண்ணாமலைப் பே கோபுரத் தெருவிலிருந்து பிரியும் முட்டுச் சந்தில் ஏழு வீடுகள். கடைசி வீடு அவர்களுடையது. வாசல் தாண்டினால் மூன்று முழ அகலத்தில் ஒரு நடை, அதன் முடிவில் கூடமும் சமையற்கட்டும். அவ்வளவுதான் வீடு. மற்ற நாளில் வண்டி ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நிற்கும். கார்த்திகை தீபத்துக்கு ஆஸ்பத்திரி மூடியிருந்தது, காவல்காரரும் ஊருக்குப் போய்விட்டார். தெருவிலோ சந்திலோ வண்டி எதுவும் நிற்கக்கூடாது என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தீபத்தன்று காலையில், டேங்க் நிறையப் பெட்ரோலோடு, இன்ஜின் ஓட ஓடவே அதைப் படியேற்றி நடைக்குள் கொண்டுவந்தான் சுப்பிரமணி. பெரிய ஸ்டாண்டைப் போட்டு நேராக நிறுத்தினான். ஹேண்டில் பாதி வழியை அடைத்துக்கொண்டது, ஆள் போக இடமில்லை. சின்ன ஸ்டாண்டில் நிறுத்தினான். நடைத் தரை சந்துப் பக்கம் சரிவு, வண்டி மெல்ல உருளப் பார்த்தது. கடைசியில் முன் சக்கரத்துக்கு இரண்டு செங்கல் கொடுத்து, வண்டியைச் சுவரோடு சாய்த்து, அடியில் ஒரு தவிட்டு மூட்டையை முட்டுக் கொடுத்தான். அதுவும் போதவில்லை. ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான்.

"சாஞ்சுடாதாங்க?" என்றாள் பொன்னி. எட்டு மாதக் குழந்தை குமுதா அவள் இடுப்பில் இருந்தது.

"அதான் நானே சாய்ச்சு வெச்சிட்டேனே. இன்னும் எங்க சாயப் போவுது?"

"வீட்டுக்குள்ள எவன் வந்து தூக்கினு போவப் போறான், இவ்ளோ பெரிய பூட்டு?"

"ஊர்ல லட்சம் ஜனம் கீது. உனக்குத் தெரியாது, சும்மா இரு."

பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தான். திருடனை நினைத்தவன், சாய்ந்த வண்டியில் ஒழுகாமலிருக்கப் பெட்ரோல் குழாயை மூடினோமா என்று நினைக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும், வருஷா வருஷம் போகிறபடி, விருபாட்சி குகைக்கு மேலே உட்கார்ந்து தீபம் பார்க்க மலையேறிப் போய்விட்டான். சந்தில் மற்ற ஆம்பிளைகளும் ஒருத்தர் பாக்கியில்லாமல் மலைக்கோ கோயிலுக்கோ போயிருந்தார்கள்.

பொன்னிக்கு மனசு ஒரு நிலையில் நிற்கவில்லை. நடையில் போக வர, புடவையை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தாள். ஒவ்வொரு தடவையும் அது தன்மேல் விழப்போகிறது என்றே தோன்றியது. குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு, அகல்களுக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்டாள். சாமி படத்தின் முன்னால் குத்துவிளக்கை மட்டும் ஏற்றினாள். மலையில் தீபம் தெரிந்ததும் அதிலிருந்துதான் மற்ற விளக்குகளை ஏற்ற வேண்டும்.

ஐந்தே முக்கால் இருக்கும். மண்ணெண்ணெய் நாற்றம் என்று நினைத்து அடுப்பைப் போய்ப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றுமில்லை. நடைக்கு வந்தபோது கால் வழுக்கியது. குனிந்து தொட்டு முகர்ந்தாள். பெட்ரோல். சுவருக்கும் வண்டிக்கும் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து, சுவரோரமாகவே ஓடி, வாசற்படிக்குக் கீழே தண்ணீர் போகிற ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. எத்தனை நாழியாகப் போகிறதோ, யார் கண்டது.

கூடத்துக்கு ஓடிக் குத்துவிளக்கை வாயால் ஊதி அணைத்தாள். ஊதி அணைக்கக்கூடாதுதான், அதுவும் இந்த நாளில். பூவைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வண்டிக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டுப் பார்த்தாள். குழாய் சுவர்ப்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தது, விரல் எட்டவில்லை. வண்டியை நிமிர்த்தப் பார்த்தாள். சங்கிலி விடவில்லை. கையில் கிடைத்த தவலையைச் சொட்டுகிற இடத்தில் தள்ளிவிட்டு, குழந்தையை வாரிக்கொண்டு சந்துக்கு வந்தாள்.

கடைசி வீட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் ஏழு வீட்டையும் தொட்டுக்கொண்டு போகிறது சாக்கடை. அதை ஒட்டி ஏழு வாசலிலும் வரிசையாக அகல்கள். வாசலுக்கு வாசல் பெண்கள் மலையைப் பார்த்துக்கொண்டு தயாராக நின்றார்கள். சாக்கடைத் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் இவர்கள் பக்கமிருந்து மூன்றாவது வீட்டையும் தாண்டிப் போயிருந்தது.

என்ன சொல்வாள்? திருவண்ணாமலையில், தீபத்தன்று, இந்த நிமிஷத்தில் விளக்கேற்றாதே என்று ஒரு சுமங்கலி எப்படி வாய் திறந்து சொல்வாள்? சாவு விழுந்த சந்தில்தான் தீபத்தன்று விளக்கேற்ற மாட்டார்கள்.

"யாரும் விளக்கு ஏத்தாதீங்க," என்றாள். குரல் எழும்பவில்லை. இன்னொரு தரம் கத்தினாள்.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் திரும்பினாள். "நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு பேசறே பொன்னி?"

"அக்கா, சாக்கடையில பெட்ரோல் ஓடுதுக்கா. வண்டியிலேருந்து ஒழுகிடுச்சு."

பச்சையம்மாள் நம்பாமல் குனிந்து முகர்ந்தாள். நிமிரும்போது அவள் முகம் வெளுத்திருந்தது. வீட்டுக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்க ஓடினாள்.

அந்தச் சமயம் பார்த்து மலையுச்சியில் தீபம் தெரிந்தது. அரோகரா என்று ஊர் முழுக்க ஒரே குரலாக எழுந்தது. பொன்னியின் சத்தம் அதில் அடிபட்டுப் போனது. நான்காவது வீட்டு எல்லம்மாளுக்குக் காது மந்தம். அவள் மலையைக் கும்பிட்டுவிட்டு, நிதானமாகக் குனிந்து தீக்குச்சியைக் கிழித்தாள். குழந்தை இடுப்பில் குலுங்கக் குலுங்க ஓடிய பொன்னி, அந்தக் குச்சியை நெருப்போடு உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

எல்லம்மாள் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பொன்னி சாக்கடையைக் காட்டினாள். கை எரிந்தது, ஆனாலும் விரலை விரிக்கவில்லை.

பிறகு பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். சாம்பலும் மண்ணும் கொட்டினார்கள். ஆனாலும் நாற்றம் அடங்கவில்லை, ஒருத்தருக்கும் விளக்கேற்றத் துணிவில்லை. மேலே மலையில் தீபம், சுற்றிலும் தெருத்தெருவாக வெளிச்சம், நடுவில் இவர்கள் இருட்டில் கைகூப்பி நின்றார்கள். பொன்னியிடம் யாரும் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பச்சையம்மாள் வீட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

ஏழு மணிக்கு மேல் சந்து முனையில் யாரோ ஓடிவருகிற சத்தம். சுப்பிரமணி. வேட்டி கிழிந்திருந்தது, முழங்காலில் ரத்தம். ஏற்றாத அகல் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவன், இருட்டில் மனைவியின் முகம் தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டான். அவள் மடியில் அசையாமல் தூங்கிய குழந்தையைப் பார்த்தான்.

"மேலேருந்து பார்த்தேன்," என்றான். மூச்சு வாங்கியது. "ஊரெல்லாம் விளக்கு எரியுது. நம்ம சந்து மட்டும் இருட்டா கீது. தப்பா பார்க்கிறேனோன்னு மூணு தரம் சந்துங்கள எண்ணினேன்." பிறகு கேட்டான். "யாரு பொன்னி? யாரு செத்தது?"

"யாரும் சாகல," என்றாள் பொன்னி. "அதனாலதான் இருட்டா கீது."